என் போட்டோவ நீங்க எடிட் பண்ணுங்க, உங்கத நான் பண்றேன்

ஆசிரியர் சாருக்கு வணக்கம்,

வாசகர்கள் எடுத்த போட்டோவ வாராவாரம் போடுறீங்க, நல்லாத்தான் இருக்கு, ஆனா பாத்துட்டு அடுத்த பக்கத்துக்கு போயிடுறோம். கத்துக்க அதுல ஒண்ணும் இல்ல சார்.

நாங்க நாலு பேர் கொஞ்ச நாளா ரா ஃபைல (கேமரா சென்சார் பதிஞ்சத அப்படியே வச்சிருக்குற ஃபைல்) மாத்திக்கிட்டு எடிட் பண்றோம், அவர் படத்த நான், என் படத்த அவர். சாதாரணமா போன்ல, கேமராவுல வர்ற ஜேபெக் இதுக்கு சரிப்படாது, அதுல ஒரு கலருக்கு 256 வெளிச்சப் படிதான், 14 பிட் ரான்னா 16,384, அதனால இருட்டுக்குள்ள கிடக்குறத வெளிய எடுக்கலாம், ஒயிட் பேலன்ஸயும் (படத்தோட கலர் வெதுவெதுப்பா, நீலமாங்கறது) தாராளமா மாத்தலாம். எடிட் பண்ணவர் படத்தயே திருப்பி அனுப்ப வேணாம், என்ன மாத்தினார்ங்கற குறிப்பு மட்டும் இருக்குற, சில கேபி எக்ஸ்எம்பி ஃபைல் போதும், நம்ம ரா ஃபைலோட சேத்து லைட்ரூம்ங்குற எடிட்டிங் சாஃப்ட்வேர்ல திறந்தா எந்த ஸ்லைடர எங்க நிறுத்தியிருக்கார்னு அப்படியே தெரிஞ்சிடும்.

மழையில நின்ன பஸ்ஸோட ஜன்னல்ல ஒரு பையன எடுத்திருந்தேன். ஷேடோவ (இருட்டான இடத்த வெளிச்சமாக்குற ஸ்லைடர்) 70 வரைக்கும் ஏத்தி, பின்னாடி சீட்டு, தொங்குற பை எல்லாத்தையும் காட்டி, கலர வேற வெதுவெதுன்னு ஆக்கி வச்சிருந்தேன். நண்பர் இடது பாதிய வெட்டிட்டார், இருட்ட இருட்டாவே விட்டுட்டார், மிச்சம் இருந்தது அந்த நீல வெளிச்சமும் முகமும் ஆவி படிஞ்ச கண்ணாடியில கோடு போடுற விரலும்தான். பாத்ததும் கோவம்தான் வந்துச்சு. அரைமணி நேரம் நனைஞ்சுகிட்டே நின்னு எடுத்தது நானு, அதனால எதையும் வெட்ட எனக்கு மனசு வரல, அவருக்கு அந்த மழையே தெரியாது, படத்த மட்டும் பாத்திருக்கார். பதிலுக்கு அவர் படத்துல மரத்த சுத்தி வெள்ளையா ஒரு கோடு ஓடுறத நான் புடிச்சேன், கிளாரிட்டிய (படத்த எடுப்பா காட்டுற ஸ்லைடர்) ஓவரா ஏத்துனா வர்ற கோடு, அப்புறம் என் பழைய படங்கள திறந்து பாத்தா பாதிக்கு பாதி அதே கோடு!

அடுத்தவன் கை படலாமான்னு கேப்பாங்க. பிரெஞ்சு போட்டோகிராஃபர் கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் படங்களுக்கே பிரிண்ட் போட்டது பெரும்பாலும் பாரிஸ்ல பியேர் கஸ்மான் 1950ல ஆரம்பிச்ச லேப்தான் (க்ராப் பண்றது, அதாவது ஓரத்த வெட்டுறது, ப்ரெஸ்ஸோனுக்கு ஆகாதுங்கறது வேற விஷயம்).

ஆனா இல்லாதத சேக்குறதும் இருக்குறத அழிக்கிறதும் எங்களுக்குள்ள கிடையாது. பத்திரிகை படங்களுக்கு உலக அளவுல நடக்குற வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டியில, 2015ல, கடைசிக்கு முந்தின சுற்றுக்கு வந்ததுல 20 சதவீதத்த இந்த மாதிரி கைவேலைக்காக வெளிய தள்ளுனாங்க. எடுத்தவர கேக்காம வெளிய போடுறதும் கிடையாது.

உங்க பேப்பர்லயும் மாசத்துக்கு ஒரு தடவ ஒரே ரா ஃபைல மூணு வாசகர்கள்கிட்ட குடுத்து, மூணு படத்தயும் பக்கத்துல பக்கத்துல போடுங்க சார், கீழ யாரு எந்த ஸ்லைடர எவ்ளோ நகத்துனாங்கன்னு ரெண்டு வரி. முதல் ஃபைல நானே அனுப்புறேன், அந்த பஸ் பையன்தான், என் எடிட்டும் கூடவே வரும், திட்டுறவங்க திட்டட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்