சரசுவுக்குக் கமலா எழுதுவது

சுங்கை சிப்புட்

அன்புள்ள சரசு,

நீ அனுப்பிய குரல் பதிவை மறுபடி மறுபடி கேட்டேன். இது வாட்ஸ்அப்பில் பதில் சொல்கிற விஷயமில்லை என்று தோன்றியது. இங்கே எல்லோரும் நலம். அவருக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. நம் லயம், அந்தத் தோட்டத்து வரிசை வீடுகள், இருந்த இடமெல்லாம் செம்பனை ஆகிவிட்டது, கோயில் மட்டும் நிற்கிறது. பெரிய கிராணி வீட்டு மாமரமும் போன மழையில் விழுந்தது.

யாழினியை உன் தம்பி மகனுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டாயே, அதற்கு வருமுன் ஒரு பாம்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஓடாதே! ரோஜாத் தொட்டியை மாற்றும்போது மண்ணுக்குள் கிடந்தது; மண்புழு அளவுதான், கறுப்பாகப் பளபளப்பாக. நாம் சின்னப் பிள்ளையில் மண்வெட்டியால் வெட்டிப்போட்ட அதே குருட்டுப் பாம்பு. எறும்பு முட்டையும் கறையான் முட்டையும் தின்று பிழைக்கிற பரம சாது. இந்த இனத்தில் ஆணே கிடையாது, சரசு. எல்லாம் பெண். கலவியில்லாமல் முட்டையிடும், குஞ்சும் தாயின் நகலாகவே பிறக்கும். தொட்டி மண்ணோடு ஒன்று கப்பலேறினால் போதும், போன ஊரில் ஒரு குடும்பமே உண்டாகிவிடும். அப்படித்தான் பாதி உலகத்துக்குப் பரவியிருக்கிறது.

அப்படியென்றால் ஆண் எதற்கு? இந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை. கணக்குப் பார். ஒரு தாய்க்கு இரண்டு பிள்ளை என்று வை. ஆணும் பெண்ணும் சேர்ந்து பெறும் இனத்தில் ஒன்று ஆண், ஒன்று பெண். எத்தனை தலைமுறை போனாலும் தாய் ஒருத்திதான். பாம்பு மாதிரித் தனியாகப் பெறும் இனத்தில் இரண்டும் பெண். பத்தாம் தலைமுறையில் 1,024 தாய்கள்! ஜான் மேனார்ட் ஸ்மித் என்ற இங்கிலாந்து அறிஞர் 1970களில் இந்த நட்டத்தைத்தான் எடுத்துக் காட்டினார். இவ்வளவு நட்டப்பட்டும் பெரும்பாலான விலங்குகள் ஏன் ஆணோடு சேர்கின்றன?

நோயிலிருந்து தப்பத்தான் என்கிறார்கள் பலர், எனக்கும் அதுதான் சரியென்று படுகிறது. ஒரு லயத்தில் எல்லாக் கதவுக்கும் ஒரே பூட்டு என்றால், ஒரு சாவி கிடைத்த திருடனுக்கு எல்லா வீடும் திறக்கும். நகல் பிள்ளைகளின் நிலை அதுதான். தாயை வீழ்த்தக் கற்ற ஒட்டுண்ணி அத்தனை மகள்களையும் வீழ்த்தும். கலவி தலைமுறைக்குத் தலைமுறை பூட்டை மாற்றுகிறது. நியூசிலாந்து ஏரிகளில் ஒரு நத்தை உண்டு. அதில் ஆணோடு சேர்ந்து பெறுவதும் இருக்கிறது, தனியாகப் பெறுவதும் இருக்கிறது. கர்டிஸ் லைவ்லி என்ற உயிரியல் ஆய்வாளர் 1987இல் கண்டது என்ன தெரியுமா? ஒட்டுண்ணிப் புழு அதிகமுள்ள ஏரிகளில்தான் ஆண் நத்தைகளும் அதிகம். இதைப் படித்தபோது எனக்கு மெய்சிலிர்த்தது.

இன்னொன்றும் உண்டு. நகலெடுக்கும் இனத்தில் தாயின் மரபணுவில் சேர்ந்த பழுது மகளிடம் அப்படியே இறங்கும், கழிய வழி குறைவு. இருவரிடமிருந்து வரும்போது ஒருவரின் பழுதை மற்றவரின் நல்ல பிரதி மறைக்கும். அடுத்த தலைமுறையில் சில பிள்ளைகளுக்கு அந்தப் பழுது கைமாறாமலே நின்றுவிடும்.

இப்போது யாழினி விஷயம். உன் தம்பி மகனுக்கு அவளைக் கேட்கிறார்கள், உறவு விட்டுப்போகாது என்கிறாய். அந்த இரண்டு பிள்ளைகளுக்கும் தாத்தா பாட்டி ஒருவரே. மரபணுவில் எட்டில் ஒரு பங்கு இருவருக்கும் ஒரே இடத்திலிருந்து வந்தது. ஒளிந்திருக்கும் பழுது இருவரிடமும் ஒன்றாகவே இருந்தால் மறைக்க நல்ல பிரதி ஏது? பொதுவாக நூற்றில் 2, 3 குழந்தைகள் பிறவிக் குறையோடு பிறக்கின்றன. மாமன் மகன், அத்தை மகள் கல்யாணத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிறது. பெரும்பாலான பிள்ளைகள் நன்றாகத்தான் பிறக்கின்றன, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் உன் வீட்டில் இப்படிச் சொந்தத்துக்குள் கட்டுவது இது மூன்றாவது தலைமுறை. பெரியம்மாவின் இரண்டு பிள்ளைகளையும் நாம்தான் மாறி மாறித் தூக்கிக்கொண்டு திரிந்தோம். அதற்குமேல் எழுத எனக்குக் கை வரவில்லை.

எனக்கு இதில் சம்மதமில்லை, சரசு. அப்புறம் இதையும் கேட்கிறேன்: யாழினியிடம் யாராவது கேட்டீர்களா? அவ்வளவு நீளப் பதிவில் அவள் என்ன சொன்னாள் என்று ஒரு வார்த்தை இல்லையே! முதலில் அவளைக் கேள். அவளே மனசார வேண்டுமென்றால், நிச்சயம் பண்ணுவதற்கு முன் இருவரையும் மரபணு ஆலோசனை தரும் மருத்துவரிடம் கூட்டிப்போ. தம்பியிடம் சொல்ல உனக்குத் தயக்கமாக இருந்தால் நான் பேசுகிறேன். ஆறாம் ஆண்டில் என் வகுப்பில் உட்கார்ந்தவன், என் பேச்சைக் கேட்பான்.

தைப்பூசத்துக்கு ஈப்போ வருவாய்தானே? அதற்கு முன்பே பதில் போடு.

அன்புடன்,
கமலா