டிரம் பிரேக் ஸ்பிரிங்கை இழுத்து மாட்டுவது பற்றி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆல்டோ, வேகன்ஆர், பழைய மாருதி 800 போன்ற வண்டிகளின் பின்சக்கர பிரேக் ஷூவை (டிரம்மின் உட்புறத்தில் அழுந்தி வண்டியை நிறுத்தும் வளைந்த பாகம்) தாங்களே மாற்றிக்கொள்ளும் பலர் நம் கடைக்கு வருகிறீர்கள். டிரம்மைக் கழற்றுவது, ஷூவை எடுப்பது எல்லாம் சுலபமாக நடந்துவிடும். கடைசியில் அந்தச் சின்ன ஸ்பிரிங்கை இழுத்துக் கொக்கியை மாட்டும்போதுதான் கை வலிக்கிறது, விரல் கிழிகிறது, ஸ்பிரிங்கும் வீணாகிறது. அதற்காகத்தான் இந்த மடல்.

பெடலிலிருந்து காலை எடுத்ததும் இரண்டு ஷூவையும் உள்ளே இழுப்பது இந்த ஸ்பிரிங்தான். இது தளர்ந்துவிட்டால் ஷூ டிரம்மில் உரசிக்கொண்டே இருக்கும். சக்கரம் சூடாகும், ஷூவின் மேல் ஒட்டியிருக்கும் லைனிங் சீக்கிரம் தேயும், மைலேஜும் குறையும். ஓடாத புது ஸ்பிரிங்கைக்கூட மாட்டும்போதே கெடுத்துவிட முடியும். அளவுக்கு மேல் இழுத்தால் அது பழைய நீளத்துக்குத் திரும்பாது.

மூக்கு பிளையரால் சுருளின் நடுவில் கடித்து இழுக்காதீர்கள். பல் பட்ட கீறலிலிருந்துதான் பின்னால் விரிசல் கிளம்பும். வழுக்கினால் ஸ்பிரிங் முகத்துக்குத்தான் வரும். இழுப்பது எப்போதும் கொக்கி முனையைப் பிடித்துத்தான். பிடியோடு முனை வளைந்த கொக்கிக் கம்பி ஒன்று கிடைக்கிறது, விலையும் அதிகமில்லை. பிரேக் ஸ்பிரிங் பிளையர் என்றால் ஒரு தாடை ஷூவில் ஊன்றிக்கொள்ளும், இன்னொன்று ஸ்பிரிங்கை இழுக்கும். கைக்கு பாரமே தெரியாது.

எங்களைக் கேட்டால், முடிந்த வண்டிகளில் இழுக்கும் வேலையையே தவிர்ப்பதுதான் நல்லது. நடுவில் ஹப் தடுக்காவிட்டால், இரண்டு ஷூவையும் ஸ்பிரிங்குகளையும், ஷூவுக்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளியைச் சரிசெய்யும் அட்ஜஸ்டரையும் மேசைமேலேயே கோத்துவிடுங்கள். அப்புறம் ஷூக்களை விரித்துப் பிடித்து, ஒரு முனையை, ஷூவை வெளியே தள்ளும் வீல் சிலிண்டரிலும், மறுமுனையை அது ஊன்றி நிற்கும் அடித்தாங்கியிலும் உட்கார வைக்கலாம். ஹேண்ட்பிரேக் கேபிளை மட்டும் முன்கூட்டியே ஷூவில் உள்ள லீவரில் மாட்டிவிடுங்கள்.

கை நுழையாத இடத்தில் இருக்கும் கார்புரேட்டர் த்ராட்டில் ஸ்பிரிங் போன்றவற்றுக்கு, கொக்கியில் உறுதியான நைலான் கயிறைக் கோத்து இழுத்து, துளையில் விழுந்ததும் கயிறை உருவிவிடலாம். பைக் ஸ்டாண்டு ஸ்பிரிங்கில் மெக்கானிக்குகள் சுருளுக்கு இடையில் காசு செருகி நீளமாக்கி மாட்டுவார்கள். குட்டையான, முரட்டு ஸ்பிரிங்குக்கு அது சரி. காசு தெறிக்கும், ஒரு துணியைப் போட்டு மூடிக்கொள்ளுங்கள்.

கழற்றுமுன் செல்போனில் படம் எடுங்கள். மேல் ஸ்பிரிங்கும் கீழ் ஸ்பிரிங்கும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் பலம் வேறாக இருக்கலாம், கொக்கி முன்பக்கமிருந்து நுழைகிறதா பின்பக்கமிருந்தா என்பதும் முக்கியம். ஒரு சக்கரத்தை முடித்த பிறகே அடுத்ததைத் திறங்கள். சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள மறுபக்கம் அப்படியே இருக்கும். அட்ஜஸ்டரின் மரை இடது வலது மாறும், அதைக் கலந்துவிடாதீர்கள்.

பழைய ஸ்பிரிங்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். நெருங்கிச் சுற்றிய சுருளுக்கு நடுவே இடைவெளி தெரிந்தாலும், கம்பி சூட்டில் நீலம் பாரித்திருந்தாலும் மாற்ற வேண்டியதுதான். மாற்றினால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து மாற்றுங்கள், ஒருபக்கம் மட்டும் மாற்றினால் பிரேக் சமமாக இருக்காது.

பாதுகாப்புக் கண்ணாடி போடாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு வைத்து, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுங்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும், அதனால் தூசியைக் காற்றடித்து ஊதாமல் பிரேக் கிளீனரால் நனைத்துத் துடையுங்கள். டிரம் கழற்றியிருக்கும்போது பெடலை யாரும் மிதிக்கக் கூடாது, மிதித்தால் வீல் சிலிண்டர் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

கொக்கிக் கம்பியும் பிளையரும் கடையில் இருக்கின்றன. முன்பணம் கட்டி ஒருநாள் எடுத்துப்போய் வேலை முடித்துத் திருப்பித் தரலாம், வாடகை கிடையாது. ஸ்பிரிங் வாங்க வரும்போது பழையதை மறக்காமல் கொண்டு வாருங்கள், பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுத் தருகிறோம்.

அன்புடன்,
கடை நிர்வாகம்