சோர்ஸ் செய்த கோப்புக்குள் ஆர்கியுமென்ட் எங்கே போகிறது?

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு,

எங்கள் ஊர் வாசிகசாலையில் மாலை நேரங்களில் பிள்ளைகளுக்கு லினக்ஸ் சொல்லிக் கொடுக்கிறேன். அவர்களில் பலரிடம் ஒரே ரியூட்டரிக் குறிப்பு இருக்கிறது. ஷெல் ஸ்கிரிப்டை (கட்டளைகளை வரிசையாக எழுதிவைத்த கோப்பை) நேரே ஓட்டினாலும், source கட்டளையால் சோர்ஸ் செய்தாலும் ஒன்றுதான் என்று அதில் ஒரு வரி. அந்த ஒரு வரியால் பிள்ளைகள் படும் பாட்டைப் பார்த்துத்தான் எழுதுகிறேன்.

நேரே ஓட்டினால் புது ஷெல் (கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல்) ஒன்று தொடங்கும். அதற்கென்று தனி $1, $2, அதாவது கட்டளையோடு சேர்த்துக் கொடுக்கும் முதல், இரண்டாம் ஆர்கியுமென்ட்கள் (உள்ளீடுகள்) இருக்கும். சோர்ஸ் செய்தால் வரிகள் அழைத்த ஷெல்லிலேயே ஓடும். பாஷ் என்ற ஷெல்லில், சோர்ஸ் வரியில் ஆர்கியுமென்ட் ஒன்றும் கொடுக்காவிட்டால் உள்ளே தெரிவது அழைத்த ஸ்கிரிப்டின் $1 தான்.

கூட்டுறவுச் சங்கமொன்றின் மாதக் கணக்கைப் பிரதி எடுக்க ஒரு மாணவி ஸ்கிரிப்ட் எழுதினாள். முதல் ஆர்கியுமென்ட் மாதத்தின் பெயர். அந்த ஸ்கிரிப்ட் சோர்ஸ் செய்யும் அமைப்புக் கோப்போ, $1 வெறுமையாக இருந்தால் வழக்கமான கோப்புறையை எடுக்கும். ஏதாவது இருந்தால் அந்தப் பெயரில் கோப்புறை தேடும். தனியே சோர்ஸ் செய்தால் எல்லாம் சரி. ஸ்கிரிப்டுக்குள் இருந்து போனால் 'தை' என்ற கோப்புறை இல்லை என்று நிற்கும். பிழையே இல்லாத அமைப்புக் கோப்பைத் திரும்பத் திரும்பப் படித்துப் பிள்ளை களைத்துப் போனாள்.

அப்புறம் சோர்ஸுக்குப் பதில் அதே வேலையைச் செய்யும் புள்ளிக் கட்டளையை (.) போட்டு, அதே வரியில் கோப்புறையின் பெயரையும் கொடுத்தாள். பாஷில் ஓடியது. குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் க்ரோனில் எஸ்எச் (sh) கட்டளை கொண்டு ஓட்டியதும் மறுபடி 'தை'. உபுண்டுவில் 2006இல் வந்த 6.10 பதிப்பிலிருந்து எஸ்எச் என்பது பாஷ் அல்ல, டாஷ் என்ற வேறு ஷெல். புள்ளிக்கும் கோப்புப் பெயருக்கும் பின்னால் என்ன எழுதினாலும் டாஷ் அதை எடுக்காது. பிழைச் செய்தியும் காட்டாது, அதுதான் கொடுமை. ஷெல்களுக்கான பொதுத் தரமான போசிக்ஸும் அந்த ஆர்கியுமென்ட்டை எடுக்க வேண்டும் என்று கட்டாயமாக்கவில்லை.

இப்படிச் சிக்கினால் சோர்ஸ் செய்யும் கோப்பின் முதல் வரியிலேயே எக்கோ (திரையில் காட்டும் கட்டளை) போட்டு, ஆர்கியுமென்ட் எத்தனை ($#), என்னென்ன ($*) என்று பார்க்கச் சொல்கிறேன். பாதிச் சிக்கல் அங்கேயே பிடிபடும். நிலையான வழி, வேலையை ஒரு ஃபங்ஷனுக்குள் (பெயரிட்ட கட்டளைத் தொகுப்புக்குள்) எழுதி, கோப்பை ஒருமுறை சோர்ஸ் செய்து, ஆர்கியுமென்ட்டை ஃபங்ஷனுக்குக் கொடுப்பது. பாஷ், டாஷ் இரண்டிலும் இது ஓடும். சோர்ஸ் செய்யும் கோப்பில் எக்ஸிட் எழுதினால் திறந்திருக்கும் ஷெல்லே மூடிவிடும், ரிட்டர்ன் எழுத வேண்டும் என்பதும் அந்தக் குறிப்பில் இல்லை.

குறிப்பு எழுதுபவர்கள் அடுத்த பதிப்பிலாவது அந்த வரியை எடுத்துவிட வேண்டும். உங்கள் மாணவர் பக்கத்திலும் இதற்குக் கொஞ்சம் இடம் தாருங்கள். கேட்டால் உதாரணங்களை நானே எழுதித் தருவேன்.

இப்படிக்கு,
கணினி ஆசிரியை ஒருவர்,
கோண்டாவில், யாழ்ப்பாணம்