யூதர் என்றாலே ஒரே அரசியலா? உலக அரசியல் பேசும் தமிழ் ஊடக நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். 2023 அக்டோபருக்குப் பிறகு இஸ்ரேல், பாலஸ்தீனம் பற்றித் தமிழில் வந்த விவாதங்களையும் விளக்கக் காணொளிகளையும் தொடர்ந்து பார்த்து வருகிறேன். உங்களில் பலர் உழைத்துத்தான் செய்கிறீர்கள். வரைபடம் வைத்து 1917, 1948, 1967 என்று வரிசையாகச் சொல்கிறீர்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஒரு விஷயம் மட்டும் எல்லாத் தரப்பிலும் ஒரே மாதிரி இருக்கிறது. யூதராகப் பிறந்த ஒருவர் என்ன அரசியல் பேசுவார் என்பதை அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே நீங்கள் முடிவு கட்டிவிடுகிறீர்கள். பாலஸ்தீனத்துக்காகப் பேசுகிறவர்கள் ‘யூதர்கள் குண்டு போட்டார்கள்’ என்கிறீர்கள். இஸ்ரேலைப் பிடித்தவர்கள் ‘யூத மூளை’ என்று ஆரம்பித்து, கர்ப்பிணித் தாய் கணக்குப் போட்டுக்கொண்டே இருப்பாள், அதனால்தான் பிள்ளை அறிவாளியாகப் பிறக்கிறது என்று வாட்ஸ்அப்பில் பல வருடமாகச் சுற்றுகிற கதையை ஆதாரம் மாதிரி எடுத்துப் படிக்கிறீர்கள். திட்டுகிறவருக்கும் புகழ்கிறவருக்கும் அடியில் இருப்பது ஒரே நினைப்புதான்: அவர்கள் எல்லோரும் ஒன்று, எல்லோருக்கும் ஒரே எண்ணம், ஒரே திட்டம்.

இதை விட்டுவிடுங்கள் என்று கேட்கத்தான் எழுதுகிறேன்.

உலகம் முழுக்கச் சேர்த்தாலும் யூதர்கள் சுமார் 1.6 கோடிப் பேர்தான். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாடு மட்டுமே 7.2 கோடி. இந்தச் சின்ன எண்ணிக்கைக்குள் எவ்வளவு சண்டை நடந்திருக்கிறது, இன்றும் நடக்கிறது என்று தெரிந்தால் ‘அவர்கள் எல்லோரும்’ என்று ஒரு வாக்கியம் தொடங்கவே நமக்கு நா எழாது.

நாம் பள்ளிக்கூடத்தில் படித்த ஒரு பெயரிலிருந்தே ஆரம்பிக்கிறேன். மாண்டேகு–செம்ஸ்போர்டு சீர்திருத்தம் நினைவிருக்கும். அதன்படி 1920இல் நடந்த தேர்தலில்தான் நீதிக்கட்சி சென்னை மாகாணத்தில் ஆட்சிக்கு வந்தது. அன்று பிரிட்டிஷ் அரசில் இந்தியாவுக்கான அமைச்சராக இருந்த அந்த எட்வின் மாண்டேகு ஒரு யூதர். இந்தியாவுக்குப் படிப்படியாகப் பொறுப்பாட்சி தரப்படும் என்று 1917 ஆகஸ்ட் 20 அன்று பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் அறிவித்தவர் அவர்தான். சரியாக மூன்று நாள் கழித்து, ஆகஸ்ட் 23 அன்று, தன் சொந்த அரசுக்கே ஒரு குறிப்பு எழுதினார். பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கு ஒரு தேசிய இல்லம் அமைக்க அரசு ஆதரவு தரப்போகிறது என்பதை எதிர்த்து எழுதிய குறிப்பு அது. யூத வெறுப்பு அரசு என்றே தன் அரசைத் தலைப்பிலேயே குற்றம் சாட்டினார்! அவர் வாதம் எளிமையானது. யூதர்களின் நாடு பாலஸ்தீனம்தான் என்று நீங்கள் அறிவித்துவிட்டால், இங்கிலாந்திலும் பிரான்ஸிலும் தலைமுறை தலைமுறையாக வாழ்கிற யூதர்களை எல்லா நாட்டுக்காரர்களும் ‘உன் ஊருக்குப் போ’ என்பார்கள், அங்கே ஏற்கெனவே இருக்கிற மக்களும் தங்கள் ஊரிலேயே அந்நியராவார்கள் என்றார். அமைச்சரவையில் இருந்த ஒரே யூதர் அவர், எதிர்த்தவரும் அவர். அவருக்கு ஒன்றுவிட்ட சகோதரர் ஹெர்பர்ட் சாமுவேல் நேர் எதிர்ப் பக்கம். பாலஸ்தீனத் திட்டத்தை 1915லேயே அரசுக்கு எழுதிக் கொடுத்தவர், 1920இல் பாலஸ்தீனத்துக்கு முதல் பிரிட்டிஷ் ஹை கமிஷனராகப் போனவர். ஒரே குடும்பம், ஒரே கட்சி, ஒரே மதம்.

அப்புறம் அந்தத் தேசிய இல்லத்துக்கு பிரிட்டிஷ் அரசின் ஆதரவை அறிவித்த பிரகடனத்தில் கையெழுத்திட்ட பால்ஃபோர் யார்? 1905இல் அவர் பிரதமராக இருந்தபோதுதான் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த ஏழை யூதர்கள் இங்கிலாந்துக்குள் நுழைவதைத் தடுக்கச் சட்டம் வந்தது. யூதர்கள் தங்கள் நாட்டுக்குள் வரக்கூடாது என்று நினைத்தவர்களும் பாலஸ்தீனத்துக்குப் போகட்டும் என்பதை ஆதரித்தார்கள். 1917 நவம்பர் 2இல் பிரகடனம் வெளியானபோது மாண்டேகு இந்தியாவுக்கு வந்துகொண்டிருந்தார். டிசம்பரில் சென்னைக்கு வந்து இங்கிருந்த தூதுக்குழுக்களைச் சந்தித்தார். ‘1917இல் யூதர்கள் சதி செய்து பாலஸ்தீனத்தை வாங்கினார்கள்’ என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்களை நான் கேட்கிறேன், இந்த மனிதரை எந்தப் பக்கம் வைப்பீர்கள்?

இதற்கும் முன்னால் போனால், பாலஸ்தீனத்தில் யூதர்களுக்கென்று ஒரு நாடு வேண்டும் என்பதுதான் சியோனிசம்; 1897இல் முதல் சியோனிச மாநாட்டை மியூனிக்கில் நடத்தத்தான் நினைத்தார்கள். அங்கிருந்த யூதச் சமூகமே வேண்டாம் என்று மறுத்ததால்தான் அது சுவிட்சர்லாந்தின் பேசல் நகருக்கு மாறியது. அதே வருடம் அக்டோபரில் வில்னாவில் யூதத் தொழிலாளர்கள் ‘பண்டு’ என்ற சோசலிசக் கட்சியைத் தொடங்கினார்கள். நாம் பிறந்த மண்ணிலேயே, நம் மொழியான இத்திஷிலேயே, பக்கத்து வீட்டுப் போலந்துத் தொழிலாளியோடு சேர்ந்தே உரிமைக்குப் போராடுவோம், வேறெங்கும் போகமாட்டோம் என்பதுதான் அவர்கள் கொள்கை. 1938 டிசம்பரில் நடந்த வார்சா நகராட்சித் தேர்தலில் யூதக் கட்சிகளில் அவர்கள்தான் முதலிடம். அந்த வாக்காளர்களில் பெரும்பாலோரை அடுத்த சில ஆண்டுகளில் நாஜிகள் கொன்றுவிட்டார்கள். அந்த விவாதத்தில் பண்டு தோற்கவில்லை, விவாதித்தவர்களே இல்லாமல் போனார்கள். உயிர் பிழைத்தவர்களுக்கும் பல நாடுகள் கதவைச் சாத்தின. பிறகு இஸ்ரேல் என்ற நாட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டவர்களின் பயத்தைப் புரிந்துகொள்ளாமல் அவர்கள் அரசியலை விமர்சிக்க முடியாது, இதையும் சேர்த்தே சொல்கிறேன்.

பக்கத்திலேயே கொச்சி இருக்கிறது, ஆனால் யாரும் அங்கே கேமரா கொண்டுபோவதில்லை. ஆபிரகாம் பராக் சேலம், சென்னையில் சட்டம் படித்த கொச்சி யூதர். மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய பரதேசி ஜெபஆலயத்தில் அந்தக் காலத்தில், அடிமைகளாக இருந்து விடுவிக்கப்பட்டவர்களின் வம்சம் என்று சொல்லி ஒரு பிரிவினரைச் சரிசமமாக உட்கார விடமாட்டார்கள், வேதம் வாசிக்க அழைக்கமாட்டார்கள். சேலம் அந்தப் பிரிவில் பிறந்தவர். தன் சொந்த ஜெபஆலயத்துக்கு எதிராகவே சத்தியாகிரகம் செய்தார். 1929 லாகூர் காங்கிரஸுக்குப் போனார். பிறகு பாலஸ்தீனத்துக்குப் போய்வந்து சியோனிசத்தின் பக்கம் சாய்ந்தார். 1950களில் கொச்சி யூதர்கள் கூட்டம் கூட்டமாக இஸ்ரேலுக்குப் போக ஓடியோடி உதவினார், ஆனால் தான் போகவில்லை. 1967இல் இறக்கும்வரை கொச்சியிலேயே இருந்தார். இந்திய தேசியம், சாதி எதிர்ப்பு மாதிரியான ஒரு போராட்டம், சியோனிசம், ஊர்ப்பாசம் எல்லாம் ஒரே ஆளுக்குள். இவருக்கு உங்கள் திரையில் எந்தக் கொடியைப் போடுவீர்கள்?

தென்னாப்பிரிக்காவில் மண்டேலாவை ஆயுள் சிறைக்கு அனுப்பிய ரிவோனியா வழக்கில், அரசுத் தரப்பு வழக்கறிஞர் பெர்சி யூதார் ஒரு யூதர். மண்டேலாவோடு தண்டனை பெற்று 22 வருடம் சிறையில் இருந்த டெனிஸ் கோல்ட்பர்கும் யூதர். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

இன்றைய நிலவரம் பற்றி. நான் வசிக்கும் நியூ ஜெர்சியில் கூட வேலை பார்க்கும் யூதத் தோழி ஒருவர், எகிப்தின் அடிமைத்தனத்திலிருந்து விடுதலையானதை யூதர்கள் நினைவுகூரும் பாஸ்கா பண்டிகை விருந்துக்கு வீட்டுக்கு அழைத்திருந்தார். மேசை நடுவில் சடங்குத் தட்டு. அதில் எலும்பு, அவித்த முட்டை, கசப்புக் கீரை, ஆப்பிளும் கொட்டைகளும் சேர்த்து அரைத்த விழுது, எல்லாவற்றுக்கும் ஓர் இடம் உண்டு. கல்லூரியில் படிக்கும் அவருடைய மகள் எல்லோரும் பார்க்க ஓர் ஆலிவ் காயை எடுத்து அந்தத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். பாலஸ்தீன விவசாயிகளின் மரங்களுக்காக என்றாள். அவள் தாய்மாமன் முகம் சிவந்துவிட்டது. அவருடைய மகன் அப்போது இஸ்ரேல் ராணுவத்தில் ரிசர்வ் பணியில் இருந்தான். ‘எடு அதை’ என்றார், அவள் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் சாப்பாடு ஆறிப்போகிற அளவுக்கு வாக்குவாதம். எகிப்தின் பத்து வாதைகளைச் சொல்லும்போது ஒவ்வொன்றுக்கும் சுண்டுவிரலால் ஒரு சொட்டு திராட்சரசத்தைத் தட்டில் விடுவார்கள், எதிரியின் துன்பத்தில் நம் கிண்ணம் நிறையக்கூடாது என்பதற்காக. மாமா விரலை நனைத்தபடியே அவளைப் பார்த்தார், அவளும் அவரைப் பார்த்தாள். ஆலிவ் அங்கேயே இருந்தது. அவர் எழுந்து போகவில்லை, கடைசிப் பாட்டுவரை உட்கார்ந்து பாடிவிட்டுத்தான் போனார். அந்த மேசையில் இருந்த எட்டுப் பேரில் இரண்டு பேர் ஒரே கருத்தில் இருந்தார்களா என்பதே எனக்குச் சந்தேகம்.

இது ஒரு வீட்டுக் கதை மட்டும் இல்லை. 2023 அக்டோபர் 27 அன்று நியூயார்க்கின் கிராண்ட் சென்ட்ரல் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து போர்நிறுத்தம் கேட்டு நூற்றுக்கணக்கில் கைதானவர்கள் யூத அமைப்பு ஒன்றின் அழைப்பில் வந்தவர்கள். மூன்று வாரத்துக்குள் வாஷிங்டனில் இஸ்ரேலுக்கு ஆதரவாகப் பெருந்திரளாகக் கூடியவர்களில் பெரும்பாலோரும் யூதர்கள். 2020இல் பியூ ஆய்வு மையம் எடுத்த கணக்கில் அமெரிக்க யூதர்களில் 71 சதவீதம் ஜனநாயகக் கட்சிப் பக்கம், ஆனால் அவர்களுக்குள்ளேயே மத விதிகளைக் கண்டிப்பாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் பிரிவை மட்டும் எடுத்தால் 75 சதவீதம் குடியரசுக் கட்சிப் பக்கம். இஸ்ரேலுக்குள் சமாதானம் பேசிய பிரதமர் ராபினை 1995இல் சுட்டுக் கொன்றவனும் ஒரு யூதன்தான்.

பாலஸ்தீன ஆதரவு நண்பர்களுக்குத் தனியாக ஒன்று. கறுப்புக் கோட்டும் தொப்பியுமாக பாலஸ்தீனக் கொடி பிடித்து நிற்கிற நெடுரே கார்த்தா குழுவினரின் படத்தைப் போட்டு ‘உண்மையான யூதர்கள் இவர்கள்தான்’ என்று எழுதுகிறீர்கள். அது மிகச் சிறிய குழு. 2006இல் தெஹ்ரானில், யூதப் படுகொலை நடந்ததா என்றே கேள்வி கேட்ட மாநாட்டுக்குப் போய் உட்கார்ந்தார்கள் அவர்களில் சிலர். நமக்குப் பிடித்ததைப் பேசினால் உண்மையான யூதர், பேசாவிட்டால் சியோனிஸ்ட் என்று முத்திரை குத்தும் உரிமையை நமக்கு யார் கொடுத்தது? 2008 நவம்பரில் மும்பைத் தாக்குதலின்போது நரிமன் ஹவுஸ் என்ற யூத மையத்தில் ஆறு பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் இஸ்ரேல் அரசையே மதக் காரணத்துக்காக ஏற்காத பிரிவைச் சேர்ந்தவர்; சவப்பெட்டியில் இஸ்ரேல் கொடியைப் போர்த்த வேண்டாம் என்று அவருடைய குடும்பம் கேட்டுக்கொண்டது. துப்பாக்கியோடு வந்தவர்கள் அவருடைய அரசியல் என்னவென்று கேட்கவில்லை.

இஸ்ரேல் ஆதரவு நண்பர்களுக்கும் அதே கேள்வி. 2015இல் நெதன்யாகு, தான் யூத மக்கள் எல்லோருக்கும் பிரதிநிதி என்று சொன்னபோது, யூதரான அமெரிக்க செனட்டர் டயான் ஃபைன்ஸ்டீன், இந்த விஷயத்தில் அவர் எனக்காகப் பேசவில்லை என்று மறுத்தார். அவரே ஏற்காததை நீங்கள் ஏன் நெதன்யாகுவுக்குக் கொடுக்கிறீர்கள்?

இப்படிச் சொல்வதால் காஸாவைப் பற்றிய பேச்சு மழுங்கிவிடும் என்று சிலர் நினைக்கலாம். நேர்மாறாகத்தான் நடக்கும். 2024 நவம்பரில் சர்வதேச குற்றவியல் நீதிமன்றம் நெதன்யாகு, அவருடைய பாதுகாப்பு அமைச்சராக இருந்த கலாண்ட் என்ற இரண்டு மனிதர்களின் பெயரில் பிடியாணை போட்டது. பெயர், பதவி, தேதி, செய்த காரியம் என்று அதில் தெளிவு இருக்கிறது. ‘யூதர்கள்’ என்று நீங்கள் பொதுவாகச் சொல்லும்போது அந்த இரண்டு பேரும் 1.6 கோடிப் பேருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறார்கள், தங்களை எதிர்க்கிறவர்கள் எல்லோரும் யூத வெறுப்பாளர்கள் என்று காட்ட அவர்களுக்கே நீங்கள் வசதி செய்து தருகிறீர்கள்.

பிறப்பை வைத்து அரசியலை எழுதிவிடுவது எப்படி இருக்கும் என்று தமிழனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2007 ஜூன் 7 அன்று கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த முந்நூறுக்கும் மேற்பட்ட தமிழர்களைப் பேருந்தில் ஏற்றி வவுனியா போன்ற வெளியூர்களுக்கு அனுப்பினார்கள். அவர்களில் புலிகளைப் பிடிக்காதவர் இருந்தார், எந்த அரசியலும் வேண்டாம் என்று வெளிநாட்டு விசாவுக்குக் காத்திருந்தவர் இருந்தார். பெயர் தமிழ்ப் பெயர், அது போதுமாக இருந்தது.

சரி, நடைமுறையில் நான் கேட்பது இதுதான். குண்டு போட்டது எந்த அரசு, உத்தரவு போட்டது எந்த அமைச்சர், ஓட்டுப் போட்டது எந்தக் கட்சி என்று பெயர் சொல்லிப் பேசுங்கள். ஒரு யூதரைப் பேட்டி எடுத்தால் முதல் கேள்வியிலேயே ‘இஸ்ரேலைக் கண்டிக்கிறீர்களா’ என்று கேட்டு அவரைக் கூண்டில் ஏற்றாதீர்கள், அவர் எழுதியதைப் பற்றியோ செய்த வேலையைப் பற்றியோ கேளுங்கள். ரஷ்யாவில் 1903இல் வெளியாகி, 1921லேயே லண்டன் டைம்ஸ் போலி என்று அம்பலப்படுத்திய ‘யூதர்களின் ரகசியத் திட்டம்’ ஆவணத்தை இன்னும் ஆதாரமாகக் காட்டும் காணொளிகளை நீக்குங்கள். இதற்கெல்லாம் ஆசிரியர் குழு கூட வேண்டும், நாளாகும் என்றால், வளைந்த மூக்கும் எலும்பு விரல்களுமாக ஒருவன் உலக உருண்டையைப் பிடித்திருப்பது போல உங்களில் சிலர் முகப்பில் வைத்திருக்கிறீர்களே, நாஜிப் பத்திரிகைகள் வரைந்த அந்தப் படத்தை மட்டுமாவது இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
நியூ ஜெர்சியிலிருந்து ஒரு வாசகர்