முதலில் காருக்கு அடியில் படுத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் பழைய கார்கள் பற்றி வந்த கட்டுரையைப் பசியாறிக்கொண்டே படித்தேன். படங்கள் அருமை. ஆனால் இரண்டு இடங்கள் உறுத்தின. காருக்குச் சாயம் அடிக்க நல்ல சாயக்காரர் ஒருவர் கிடைத்தால் பழைய கார் பிழைத்துவிடும் என்ற தொனியில் எழுதியிருப்பது ஒன்று. பேட்டரியின் நெகட்டிவ் முனையைத்தான் காரின் உடம்போடு இணைக்க வேண்டும் என்று எல்லாக் கார்களுக்கும் சேர்த்துச் சொல்லியிருப்பது மற்றொன்று. இரண்டிலுமே நான் காசு கொடுத்துப் பாடம் படித்தவன். அதனால் எழுதுகிறேன். கடிதம் கொஞ்சம் நீளும். வெட்ட வேண்டியிருந்தால் என் அப்பா கதையை வெட்டுங்கள், பிரேக் பகுதியில் மட்டும் கைவைக்க வேண்டாம்.

அப்பா சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டமொன்றில் கிராணி, அதாவது கணக்கு எழுதும் குமாஸ்தா. ஊருக்குத் திரும்பிய வெள்ளைக்காரத் துரை ஒருவரிடமிருந்து அவர் வாங்கியதுதான் எங்கள் மோரிஸ் மைனர். 1965-ஆம் ஆண்டு வண்டி, நான்கு கதவு, 1098 சிசி. 1948 ஜூனில் எங்கள் ஊர்ப்பக்கத் தோட்டங்களில் மூன்று துரைமார் சுட்டுக்கொல்லப்பட்டு, மலாயாவில் கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான அவசரகாலம் தொடங்கியது எல்லாருக்கும் தெரிந்த கதை. அதே ஆண்டு அக்டோபரில்தான் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் மோரிஸ் மைனர் முதன்முதலாக வந்து நின்றது. வீட்டுக்கு யார் வந்தாலும் அப்பா இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டுச் சொல்லாமல் விடமாட்டார். துரையின் வண்டி என்று பெயர்தான். அவசரத்துக்கு அதில் ஒட்டுப்பால் (காய்ந்து உறைந்த ரப்பர் பால்) மூட்டைகூட ஏறியிருக்கிறது. பின்சீட்டைத் தூக்கினால் இன்றைக்கும் அந்த வாடை லேசாக வரும்.

அப்பா காலமான பிறகு 19 ஆண்டுகள் வண்டி தகரக் கொட்டகையில் நின்றது. நான் செம்பனை ஆலையில் ஃபிட்டர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் முதல் காரியமாக அதை இழுத்துப்போய் ஒரு சாயப் பட்டறையில் விட்டேன். 4,500 ரிங்கிட். இரண்டே மாதத்தில் பச்சைப் பசேலென்று வந்து நின்றது. கோயில் திருவிழாவில் சாமியைவிட என் காரைத்தான் அதிகம் படமெடுத்தார்கள். எட்டாவது மாதம் டயர் மாற்ற ஜாக்கி வைத்தேன். ஜாக்கி மேலே போனது, கார் போகவில்லை. காரின் தரைத் தகட்டைத் துளைத்துக்கொண்டு ஜாக்கி உள்ளே வந்துவிட்டது.

அன்றைக்குத்தான் முதன்முறையாக அதற்கு அடியில் ஒழுங்காகப் படுத்துப் பார்த்தேன். கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டிச் சட்டம் முழுக்கப் பட்டி, பள்ளம் அடைக்கும் பசை. சுரண்டினால் பட்டிக்குள் கம்பி வலை, வலைக்குப் பின்னால் சுருட்டித் திணித்த மலாய்ப் பத்திரிகையின் விளையாட்டுப் பக்கம். தங்கள் பத்திரிகை இல்லை என்பது மட்டும்தான் ஆறுதல்.

லாரியைப் போல இந்தக் காருக்குத் தனிச் சேசிஸ் கிடையாது. தரையும் பெட்டிச் சட்டங்களும் நடுவே ஓடும் குறுக்குச் சட்டமும் சேர்ந்துதான் எலும்பு. முன்சக்கரங்களைத் தாங்கும் டோர்ஷன் பார் என்ற முறுக்குக் கம்பிகளின் பின்முனை அந்தக் குறுக்குச் சட்டத்தில்தான் பிடித்திருக்கிறது. அங்கே துருவை விட்டுவிட்டு மேலே சாயம் அடிப்பவர் ஓட்டுகிறவரின் உயிரோடு விளையாடுகிறார். கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை.

பிறகு நானே இறங்கினேன். நான்கு ஆண்டுகள், பெரும்பாலும் ஞாயிற்றுக்கிழமைகள். ஆலையில் கனத்த இரும்பை ஒட்டிப் பழகிய கை, காரின் மெல்லிய 18 கேஜ் தகட்டில் பட்டதும் ஓட்டை ஓட்டையாகப் போட்டது. மிக் வெல்டிங் மெஷின் ஒன்று வாங்கி, பழைய இரும்புக் கடைக் கதவுகளில் ஒரு மாதம் ஒட்டிப் பார்த்தபின்தான் காரைத் தொட்டேன். இந்த வேலையில் எதையும் மொத்தமாக வெட்டி எடுத்துவிடக்கூடாது. முதலில் உள்ளே கம்பி கொடுத்துக் கட்ட வேண்டும். கதவுகளைக் கழற்றாமல், ஒரு பக்கத்தை முடித்துவிட்டு மறுபக்கம் போக வேண்டும். ஒவ்வொரு ஒட்டுக்கும் பிறகு கதவை மூடிப் பார்க்க வேண்டும். கதவின் இடைவெளி மாறினால் உடம்பு தொய்கிறது என்று பொருள். அப்படியே ஒட்டி முடித்துவிட்டால் பிறகு கதவு ஆயுளுக்கும் சாத்தாது.

இனி பிரேக். மிதியை அழுத்தினால் பிரேக் எண்ணெயைச் சக்கரங்களுக்குத் தள்ளும் மாஸ்டர் பம்பு இந்த வண்டியில் இஞ்சின் பக்கம் இருக்காது. ஓட்டுநரின் காலடியில், தரைக்குக் கீழே, சட்டத்துக்குள் ஒளிந்திருக்கும். எண்ணெய் அளவு பார்க்கவே பாயைத் தூக்கித் தரையிலுள்ள சிறு மூடியைத் திறக்க வேண்டும். அதனால் பலர் பார்ப்பதே இல்லை. எண்ணெய்க்கு ஒரே பாதைதான். எங்கே கசிந்தாலும் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்தே பிரேக் போய்விடும். சரி, பம்பைக் கழற்றலாம் என்று போனால் நட்டு கழலும், போல்ட்டை உருவ முடியாது. டோர்ஷன் பார் குறுக்கே நிற்கும். கூடவே உதவிக்கு நின்ற என் அக்கா மகன், "போல்ட்டை அறுத்துடலாம் மாமா" என்றான். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் மூன்று ஞாயிறு செலவழித்து டோர்ஷன் பாரைத் தளர்த்தி நகர்த்தி எடுத்தேன். திரும்பப் பூட்டும்போது போல்ட்டை எதிர்ப்பக்கமாகச் செருகிவிட்டேன். அடுத்த முறை கழற்றப்போவது அக்கா மகன்தான், அவனாவது ஒரே நாளில் முடிக்கட்டும்.

முன்சக்கரத்துத் திருகு முட்டுகளுக்குக் கிரீஸ் போடாமல் விட்டால் மரை தேய்ந்து ஒருநாள் சக்கரம் மடங்கி வண்டி முட்டி போட்டுவிடும். அதற்கு மேல் இதில் விளக்கம் தேவையில்லை, கிரீஸ் போடுங்கள்.

கையிலிருக்கும் மில்லிமீட்டர் ஸ்பானாக்களை நம்பியும் இறங்காதீர்கள். 13 ஸ்பானா அரை இஞ்சு நட்டில் பொருந்துவது போலவே இருக்கும். இரண்டு தரம் பலமாகத் திருகினால் நட்டின் மூலை மழுங்கிவிடும். பழைய இஞ்சு ஸ்பானாக்கள் ஈப்போவில் பழஞ்சாமான் விற்பவர்களிடம் தேடினால் கிடைக்கும். கழற்றிய ஒவ்வொன்றையும் நான் மைலோ டின்களில் போட்டு, எங்கேயிருந்து கழற்றியது என்று எழுதி வைத்தேன். அப்பாவின் கிராணி புத்தி எனக்கு மிஞ்சியது அந்த ஒன்றில்தான்.

பேட்டரி விஷயத்துக்கு வருகிறேன். மோரிஸ் மைனர் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது பாசிட்டிவ் முனைதான் உடம்போடு இணைந்திருந்தது. புதுப் பேட்டரி பூட்ட வந்த பையன், தங்கள் கட்டுரையில் உள்ளபடியே, நெகட்டிவைக் கொண்டுபோய் உடம்பில் மாட்டினான். நான் இந்த வண்டிக்கென்றே தேடிப்பிடித்துப் பொருத்திய பழைய ரேடியோ புகைந்துபோனது. டைனமோவையும் மறுபடி சரிப்படுத்த வேண்டியதாயிற்று. பையனைக் குறை சொல்ல மாட்டேன், அவன் பார்த்த கார்களெல்லாம் அப்படி. இப்போது நம் இளைஞர்கள் 1985-இல் வந்த முதல் புரோட்டோன் சாகாவையும் புதுப்பிக்கிறார்கள். அதற்குக் கட்டுரையில் சொன்னது சரி. பழைய ஆங்கிலேய வண்டிகளுக்கு அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அதிலும் இடையில் வைத்திருந்தவர் யாராவது முனையை மாற்றியிருக்கவும் கூடும். காரில் எந்த முனை உடம்போடு கட்டப்பட்டிருக்கிறது, காயிலிலும் டைனமோவிலும் ஏதாவது மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்த பிறகே புதுப் பேட்டரியைத் தொட வேண்டும். இந்த ஒரு திருத்தத்தையாவது தயவுசெய்து வெளியிடுங்கள்.

சாயம் எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வந்தது. டேஷ்போர்டுக்கு அடியில் துரை காலத்துப் பச்சை கொஞ்சம் மிச்சமிருந்தது, அதைக் காட்டித்தான் நிறம் கலந்தோம். நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் மதியத்துக்கு மேல் லாக்கர் சாயம் அடிக்கக்கூடாது என்று சொல்லக் கேட்டிருந்தும் அடித்தேன். மழை இருட்டிக்கொண்டு வந்தது, பானட் திருநீறு பூசியதுபோல வெளுத்துவிட்டது. தேய்த்துவிட்டு, மழையில்லாத நாளாகப் பார்த்துக் காலையிலேயே மறுபடி அடித்தேன். அந்தப் பானட்டின் நடுவே ஒரு தட்டையான பட்டை ஓடும். வண்டியை வடிவமைத்த அலெக் இசிகோனிஸ் கடைசி நேரத்தில் மாதிரி வண்டியை நெட்டுக்கு இரண்டாக அறுக்கச் சொல்லி நான்கு இஞ்சு அகலப்படுத்தினாராம். அந்த நான்கு இஞ்சுதான் அது. இது தெரியாமல் அதை நெளிவு என்று நினைத்துப் பட்டி வைத்து உருட்டிவிட்டிருந்தார் முதல் சாயக்காரர்.

உதிரிச் சாமான்கள் இன்னமும் இங்கிலாந்தில் செய்கிறார்கள், தபாலில் வரும். கித்தாக்காட்டு ஊரில், ரப்பர் மரங்களுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு கதவு ரப்பரை அங்கேயிருந்து தருவித்தேன். பார்சலைப் பிரித்த என் மனைவி சிரித்த சிரிப்பு அடங்க நேரமானது. சாயப் பட்டறைக்குக் கொடுத்ததைச் சேர்க்காமல் மொத்தம் 23,600 ரிங்கிட் ஆயிற்று. அந்தக் கணக்கை மட்டும் அவளுக்கு இன்னும் காட்டவில்லை, இந்தப் பக்கத்தை அவள் படிக்காமலிருந்தால் நல்லது.

2009-இல் 15 ஆண்டு கடந்த கார்களுக்கு ஆண்டுதோறும் கட்டாயச் சோதனை என்று அறிவித்தார்கள். எதிர்ப்பு வந்ததும் கைவிட்டார்கள். அப்போது நானும் எதிர்த்துப் பேசியவன்தான். ஜாக்கி தரையைத் துளைத்த அன்றிலிருந்து அவ்வளவு சத்தமாகப் பேசுவதில்லை. பழைய வண்டி வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் வசதியில்லாதவர்கள், அவர்கள் தலையில் செலவைக் கட்டக்கூடாது என்பதில் எனக்கு மாற்றமில்லை. ஆனால் பளபளவென்று விற்பனைக்கு நிற்கும் பழைய காரின் அடிப்பக்கத்தை வாங்குபவருக்குக் காட்டித்தான் விற்க வேண்டும் என்று ஒரு விதி வந்தால் முதல் கையெழுத்து என்னுடையது.

கட்டுரையாளர் அடுத்த பகுதி எழுதுவதாக இருந்தால் ஒரு ஞாயிறு காலையில் இந்தப் பக்கம் வரச் சொல்லுங்கள். பின் பிரேக் வேலைக்காக வண்டி இப்போது தாங்கிகளின்மேல்தான் நிற்கிறது. படுத்துப் பார்க்கப் பாய் இருக்கிறது. வெள்ளைச் சட்டை மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
கிராணியார் மகன்,
சுங்கை சிப்புட், பேராக்.