பொருள்: தண்ணீரில் மூழ்கிய காரை நல்ல வண்டி என்று விற்றது குறித்து

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். போனில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன். கூப்பிடும்போதெல்லாம் புதிதாக ஒருவர் எடுக்கிறார், முதலிலிருந்து எல்லாவற்றையும் சொல்லச் சொல்கிறார், "பார்த்துவிட்டுக் கூப்பிடுகிறோம்" என்கிறார், அதோடு சரி. எந்த வண்டி, என்றைக்கு டெலிவரி என்பதெல்லாம் உங்கள் கம்ப்யூட்டரிலேயே இருக்கும். அதை மறுபடியும் ஒப்பிக்க எனக்குத் தெம்பில்லை.

வண்டி வந்த கொஞ்ச நாளிலேயே டிரைவர் பக்கத்து பவர் விண்டோ நின்றது. சின்ன விஷயம் என்று என் செலவிலேயே மாற்றினேன். அப்புறம் ஏபிஎஸ் லைட், அதாவது பிரேக் சிஸ்டத்தில் கோளாறு என்று காட்டுகிற விளக்கு, எரிந்தது. அப்புறம் ஏர்பேக் லைட். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று போகிறது, ஒவ்வொன்றுக்கும் ஒரு பில். கடைசியில் எங்கள் மெக்கானிக் பின்சீட்டு பெல்ட்டை முழுசாக வெளியே இழுத்துக் காட்டினார். சாதாரணமாக வெளியே தெரியாத கடைசி முழத்தில் காய்ந்த சேறு, கோடு போட்டது போல. கார்ப்பெட்டைத் தூக்கினால் அடியில் இருக்கிற ஃபோமில் வண்டல், சீட் ரெயில் முழுக்கத் துரு, வயரிங் கனெக்டர் ஒவ்வொன்றிலும் பச்சைக் களிம்பு. மேலே மட்டும் புத்தம் புது சீட் கவர், மூக்கைத் துளைக்கிற வாசனை ஸ்பிரே.

நீங்கள் கொடுத்த இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட்டில் "வெள்ள பாதிப்பு: இல்லை" என்று பச்சை டிக் இருக்கிறது. அந்த டிக்கை நம்பித்தான் பணம் கட்டினேன். வண்டியின் கம்ப்யூட்டரில் ஸ்கேனர் போட்டுப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. கோளாறு வந்தால் வண்டி தானே பதிந்துவைக்கிற எரர் கோடுகளை அழித்த பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடியிருக்கிறது என்று அதில் காட்டுகிறது. நான் வாங்கியதிலிருந்து ஓட்டிய தூரத்தைவிட அது கொஞ்சம்தான் அதிகம். அதாவது வண்டி உங்கள் கையில் இருந்தபோதுதான் அழித்திருக்கிறார்கள். ஸ்கேனரை மாட்டி அழிக்கத் தெரிந்தவருக்கு எதை அழிக்கிறோம் என்று தெரியாதா? உங்கள் வண்டியைப் பற்றி உங்களுக்கே தெரியவில்லை என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இதையெல்லாம் போட்டோவோடு அனுப்பிய பிறகு உங்கள் கஸ்டமர் கேரிலிருந்து ஒருவர் பேசினார். பெயர் கேட்டேன், சொல்ல மாட்டேன் என்றார். "மழையில நீங்களே எங்கயாவது தண்ணிக்குள்ள இறக்கியிருப்பீங்க, இப்ப எங்க தலையில கட்டப் பாக்குறீங்களா" என்று கேட்டார். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தாள். பணம் கொடுத்து ஏமாந்தவனையே திருடன் மாதிரி பேசுவதா? நான் வாங்கியதிலிருந்து இங்கே ஒரு சொட்டு மழை கிடையாது. அந்த அழைப்பு உங்களிடம் பதிவாகியிருக்கும், தயவுசெய்து ஒரு முறை நீங்களே போட்டுக் கேளுங்கள். அவர் மன்னிப்புக் கேட்காமல் இதை நான் விடுவதாக இல்லை.

உங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வரச் சொன்னதையும் சொல்ல வேண்டும். வண்டி ஸ்டார்ட் ஆகாததால் டோ பண்ணித்தான் கொண்டுவந்தேன், அதுவும் என் செலவு. கேட்டிலேயே நிறுத்தி, அட்வைசர் லீவு என்றார்கள். சாயங்காலம் வரைக்கும் உட்கார வைத்துவிட்டு, என்ன பழுது என்று பதிகிற ஜாப் கார்டு கூடப் போடாமல் திருப்பி அனுப்பினார்கள். வரச்சொல்லி மெசேஜ் அனுப்பியதே நீங்கள்தான்.

வாரண்டியில் வராதாம், தேய்மானமாம். பிரேக் பேட் தேயும், கிளட்ச் தேயும், வைப்பர் தேயும், சரி. வயரிங்கில் களிம்பு பிடிப்பதும் தேய்மானமா? ஏர்பேக்கை இயக்குகிற மாட்யூல் கன்சோலுக்கு அடியில் தரையோடு இருக்கிறது, அதற்குள் தண்ணீர் போயிருக்கிறது. விபத்தில் ஏர்பேக் விரியாமல் போனால் யார் பொறுப்பு? என் பிள்ளைகள் அந்த வண்டியில்தான் பள்ளிக்கூடம் போனார்கள். இந்த ஒரு வண்டியால் என் சேமிப்பு முழுவதும் போய்விட்டது, தூக்கம் போய்விட்டது, வீட்டில் நிம்மதியே இல்லை.

உங்களோடு சண்டை போட எனக்கு ஆசையில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு நான் கட்டிய பணத்தையும், இதுவரை ஆன பழுதுச் செலவையும், டோ செலவையும் கொடுத்துவிடுங்கள். பில் எல்லாம் இணைத்திருக்கிறேன். இலவச சர்வீஸ் கூப்பன் மாதிரி எதையும் அனுப்ப வேண்டாம்.

வரும் வெள்ளிக்கிழமைக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் சேறு படிந்த பெல்ட், ஸ்கேனர் ரிப்போர்ட், உங்கள் பச்சை டிக் எல்லாம் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகும். வக்கீலிடம் பேசிவிட்டேன். அதற்கு வேலை வைக்க மாட்டீர்கள் என்று இன்னமும் நம்புகிறேன்.

இப்படிக்கு,
உங்களிடம் கார் வாங்கிய வாடிக்கையாளர்