பக்கத்து மின்வாரிய நிலமும் கிராம்புக் கன்றுகளும்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

“பக்கத்துல மின்வாரிய இடம் சும்மாத்தானே கெடக்கு, கன்னுகளை அங்க எறக்கி வச்சா என்ன?” என்று குலசேகரத்திலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் எங்கள் நாற்றுப் பண்ணைக்கு வருகிற பலர் கேட்கிறீர்கள். கிராம்புக் கன்று கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்புவது எங்களுக்கும் வருத்தம்தான். கிராம்பு விதை முளைத்து, தோட்டத்தில் நடுகிற பருவத்துக்கு வர ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும். அத்தனை காலமும் கன்று நிழலில் இருக்க வேண்டும். 2021-இல் கன்னியாகுமரி கிராம்புக்குப் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு கேட்பவர்களும் கூடிவிட்டார்கள். எங்களிடம் இருக்கும் நிழல்வலை போதவில்லை.

ஆனால் வேலிக்கு அப்பால் இருப்பது துணை மின்நிலையத்துக்காக வாரியமே வாங்கிய நிலம். இதில் சிலருக்குக் குழப்பம் உண்டு. உங்கள் ரப்பர் தோட்டத்துக்கு மேலே கோபுரக் கம்பி போனாலும் நிலம் உங்களுடையதுதான். வாரியத்துக்குக் கம்பியை வைத்துப் பராமரிக்கும் உரிமை மட்டுமே. இங்கே அப்படியில்லை. நில விவரம் எழுதியிருக்கும் அ-பதிவேட்டையும் எல்லை அளவுகள் இருக்கும் புலப்படத்தையும் பார்த்து எல்லையை உறுதிசெய்துகொண்டோம்.

அதனால் அங்கே கன்று வைக்க அனுமதி கேட்டு, மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் மனுக் கொடுத்திருக்கிறோம். அது உதவி செயற்பொறியாளர், செயற்பொறியாளர் என்று படிப்படியாக மேலே போக வேண்டும். நேரம் எடுக்கும்.

நாங்கள் கேட்டிருப்பது குத்தகை அல்ல, உரிமம். 1882-ஆம் ஆண்டின் ஈஸ்மென்ட் (பிறர் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமை) சட்டப்படி உரிமம் என்பது பயன்படுத்திக்கொள்ள ஒரு அனுமதி, அவ்வளவுதான். நிலத்தில் நமக்கு எந்தப் பாத்தியதையும் வராது; உரிமையாளர் அதைத் திரும்பப் பெறலாம். ஆனால் அனுமதியை நம்பிச் செலவு செய்து நிரந்தரமாக ஒன்றைக் கட்டிவிட்டால், அப்புறம் ரத்து செய்வது எளிதல்ல என்றும் அதே சட்டம் சொல்கிறது. அதனால்தான் இப்படிப்பட்ட இடங்களில் கான்கிரீட் கூடாது என்பார்கள். எங்களுக்கு அது நியாயமாகவே படுகிறது. நாளைக்கு இன்னொரு மின்மாற்றி வைக்க அந்த இடம் வேண்டுமென்றால், ஊருக்கு மின்சாரம்தான் முதலில். கன்றுகளை நாங்கள் எடுத்துக்கொள்ளலாம்.

அந்த இடத்துக்கு மேலே போவது 110 கிலோவோல்ட் கம்பி. இத்தகைய கம்பி போகும் வழியில் 22 மீட்டர் அகலத்துக்கு இடம் ஒதுக்குவது வழக்கம். அடியில் நீளமான இரும்புக் குழாய்களை நட்டால், கம்பி தொடாமலே அவற்றில் மின்னழுத்தம் தூண்டப்படும். ஆகவே தாழ்வான மூங்கில் பந்தல் என்றுதான் மனுவில் எழுதியிருக்கிறோம். தண்ணீரை மேலே பீய்ச்சும் தெளிப்பான் கிடையாது, சொட்டுநீர் மட்டும். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லக் காரணம் இருக்கிறது: அலுமினியத் துறட்டியோடு கம்பிக்குக் கீழே தேங்காய் பறிக்கிறவர்களை இன்னமும் பார்க்கிறோம். தயவுசெய்து வேண்டாம். கம்பியைத் தொட வேண்டும் என்றுகூட இல்லை, நெருங்கினாலே மின்சாரம் பாயும்.

அனுமதி வரும்வரை வேலியைத் தாண்டி யாரும் போக வேண்டாம். துணை மின்நிலைய வாசலில் வண்டி நிறுத்தவும் வேண்டாம். பழுது பார்க்கிறவர்களின் லாரி எந்த நேரமும் உள்ளே போக வேண்டிவரும். கிராம்பு தேவைப்படுகிறவர்கள் கடையில் பெயரைப் பதிந்து வையுங்கள், முன்பணம் வேண்டாம். மட்டி வாழைக் கன்றும் செங்கவருக்கை மாங்கன்றும் இப்போதே இருக்கின்றன.

அன்புடன்,
நாற்றுப் பண்ணையார்